திருச்சி பக்கம்

"எந்த ஊரு?"

காலேஜ்ல சேர்ந்த முதல் நாள் உங்ககிட்டயும் இதைக் கேட்டிருப்பாங்க. பேருக்கு அடுத்த கேள்வி இதுதான். மூணு வருஷமா நான் சொன்ன பதில்: "திருச்சி பக்கம்."

எவ்வளவு பக்கம்னு யாரும் திருப்பிக் கேட்கல. கேட்டிருந்தா மாட்டியிருப்பேன். எங்க வீடு புதுக்கோட்டை மாவட்டத்துல, ஆலங்குடிக்குப் பக்கத்துல ஒரு கிராமம். திருச்சிக்குப் போகணும்னா புதுக்கோட்டையில பஸ் மாறணும், ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஆகும். இதுக்குப் பேர் பக்கம்னா சென்னையும் பாண்டிச்சேரி பக்கம்தான்.

ஏன் அப்படிச் சொன்னேன்னா, எனக்கு முன்னாடி அறிமுகம் பண்ணிக்கிட்டவன் அண்ணா நகர். அவனுக்கு முன்னாடி ஆர்.எஸ்.புரம். அந்த வரிசையில புதுக்கோட்டைன்னு சொன்னா, "தூத்துக்குடிக்கிட்டயா?"ன்னு ஒரு கேள்வி வரும். ஏற்கெனவே ஒருத்தர் கேட்டிருக்காரு. எங்க ஊர் பேர்ல ஒரு படமே வந்திருக்கு, தனுஷ் நடிச்ச 'புதுக்கோட்டையிலிருந்து சரவணன்'. நான் பொறந்த 2004-ல வந்தது. அதுலயும் ஹீரோ பொழைக்கப் போறது சிங்கப்பூருக்கு.

இதுல எனக்கே சிரிப்பு வர்ற விஷயம் ஒண்ணு இருக்கு. காலேஜ்ல சேர்றதுக்குச் சில மாசம் முன்னாடி, 2022 ஜூன்ல, பிளஸ் டூ பரீட்சை முடிஞ்ச கையோட 'விக்ரம்' பார்க்கப் போனோம். புதுக்கோட்டை தியேட்டர். கல்யாண வீட்டுச் சமையல் காட்சியில வில்லேஜ் குக்கிங் சேனல்காரங்க வந்தாங்க பாருங்க, கமலுக்கு அடிச்ச விசிலுக்குக் கொஞ்சமும் குறையல. நானும் அடிச்சேன், தொண்டை கட்டுற அளவுக்கு. அதே வாய்தான் அப்புறம் "திருச்சி பக்கம்"னு சொல்லுச்சு.

அவங்களை உங்களுக்கு நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. சின்ன வீரமங்கலம், எங்க மாவட்டம். விசேஷங்களுக்குச் சமைச்ச அனுபவமுள்ள பெரியதம்பி தாத்தாவும் அவரோட பேரன்களும். விவசாயத்துல வருஷம் முழுக்க வேலை இருக்காது, அந்தச் சும்மா இருக்கிற நாள்கள்ல ஏதாவது செய்யலாமேன்னு 2018-ல ஆரம்பிச்சது. 2021 ஜனவரியில ராகுல் காந்தி வந்து அவங்களோட உட்கார்ந்து வெங்காய ரைத்தா கலந்தார். அதே வருஷம் ஜூலையில ஒரு கோடி சப்ஸ்கிரைபர் தொட்டாங்க. தமிழ்ல அதைத் தொட்ட முதல் சேனல் அதுதான். கொரோனா நிதிக்கு முதலமைச்சர்கிட்ட 10 லட்சம் கொடுத்தாங்க.

எனக்கு அந்த வீடியோக்கள்ல பிடிச்சது சாப்பாடு இல்ல. (சரி, சாப்பாடும்தான். ஹாஸ்டல் மெஸ்ல உட்கார்ந்து அதைப் பார்க்கிறது தனி தண்டனை.) ஒவ்வொரு பொருளா கையில தூக்கிக் காட்டி அதோட பேரை இங்கிலீஷ்ல கத்துவாங்க இல்லையா, அது. 'டர்மெரிக் பவுடர்!'னு வயல்வெளி முழுக்கக் கேட்கிற மாதிரி. உச்சரிப்பு சரியா தப்பான்னு அவங்களுக்கு ஒரு கவலையும் கிடையாது. மஞ்சள்தூள்னு உலகத்துக்குப் புரியணும், அவ்வளவுதான்.

நான் படிச்சது இங்கிலீஷ் மீடியம். தமிழ்ல பேசினா அஞ்சு ரூபாய் ஃபைன் போட்ட பள்ளிக்கூடம். அப்பாவுக்கு மோட்டார் காயில் கட்டுற கடை. போர் மோட்டார் எரிஞ்சா தூக்கிட்டு வருவாங்க, பழைய கம்பியைப் பிடுங்கிட்டுப் புதுச் செப்புக் கம்பி சுத்தணும். அந்தக் காசுலதான் ஃபைன் கட்டினேன். அவ்வளவு கட்டியும் காலேஜ்ல முதல் செமினார்ல நான் வாயைத் திறந்ததும் பின் பெஞ்சுல ஒரு சிரிப்பு. அதுக்கப்புறம் இங்கிலீஷ்ல பேசவும் பயம். தமிழ்ல எழுதலாம்னா எந்த 'ற', எந்த 'ழ'ன்னு ஒவ்வொரு வார்த்தைக்கும் நின்னு யோசிக்கணும். இந்தக் கட்டுரையே தங்கிலீஷ்ல அடிக்க, கீபோர்டு தமிழாக்கிக் கொடுத்ததுதான். தப்பு இருந்தா பாதிப் பழி அதுக்கு.

ஒரு நாள் மெஸ்ல என் ரூம்மேட் போனைச் சாம்பார் வாளியில சாய்ச்சு வச்சு அவங்க வீடியோ பார்த்துட்டு இருந்தான். "மச்சி, இவங்க புதுக்கோட்டையாம்டா. உனக்குப் பக்கமா?"

"கொஞ்சம் தூரம்டா"ன்னேன்.

அதுகூட எனக்குப் பெரிசா உறுத்தல. உறுத்தினது போன ஸ்டடி லீவ்ல. ஒரு கம்பெனியோட ஆன்லைன் இன்டர்வியூ. எங்க வீட்டுல டவர் கிடைக்கிற ஒரே இடம் மொட்டை மாடி, தண்ணி டேங்க் ஓரம். மேல ஃபார்மல் சட்டை, கீழ கைலி, முன்னாடி லேப்டாப். 'உங்களைப் பத்திச் சொல்லுங்க'ன்னாங்க. பேர், டிபார்ட்மென்ட், அப்புறம் மனப்பாடமா வர்ற வரி: 'ஐ ஆம் ஃப்ரம் நியர் திருச்சி, சார்.'

முடிச்சுட்டுத் திரும்பினா, படிக்கட்டு மேல்படியில அப்பா நிக்கிறாரு, கையில டீ. அவர் பத்தாவது வரைக்கும்தான் படிச்சவர், ஆனா 'நியர் திருச்சி' புரியறதுக்கு அதுவே அதிகம்.

"நாம எப்பப்பா திருச்சிக்குக் குடிபோனோம்?"

நான் சிரிச்சேன். அவரும் சிரிச்சாரு, ஆனா கொஞ்சம்தான். டீயை டேங்க் மேல வச்சுட்டு இறங்கிப் போயிட்டாரு. அவர் கடை போர்டுல கடைப் பேரைவிட ஊர்ப் பேருதான் பெரிசா எழுதியிருக்கும். அன்னைக்கு அது ஞாபகம் வந்திருக்க வேண்டாம்.

(வேலை கிடைக்கல. அதுக்குக் காரணம் திருச்சி இல்ல, பாயின்டர்ல ஒரு கேள்வி.)

ராத்திரி தூக்கம் வராம, நான் சொன்னது பொய் இல்லைன்னு நிரூபிக்க வக்கீல் மாதிரி போன்ல தேடிட்டு இருந்தேன். கிடைச்சுது! புதுக்கோட்டை சமஸ்தானம் 1948 மார்ச்ல இந்தியாவோட சேர்ந்தப்போ அதைத் திருச்சி மாவட்டத்தோடதான் சேர்த்திருக்காங்க. தனி மாவட்டமானது 1974 ஜனவரி 14. காலையில அப்பாகிட்டப் போய், "1974 வரைக்கும் நாமளும் திருச்சிதான்ப்பா"ன்னேன்.

"நான் பொறந்தது 75-ல"ன்னாரு, கம்பி சுத்துறதை நிறுத்தாம.

திண்ணையில இருந்த அப்பத்தா அதோட விடல. "பி.யு.சின்னப்பான்னு கேள்விப்பட்டிருக்கியாடா?"ன்னு ஆரம்பிச்சுச்சு. கேள்விப்படல. அப்புறம் தேடிப் பார்த்தேன். 1940-லயே 'உத்தம புத்திரன்'ல ரெட்டை வேஷம் போட்டவர், தமிழ் சினிமாவுல அதுதான் முதல் தடவை. 35 வயசுல, 1951-ல இறந்துட்டார். எனக்கு அந்த விவரமெல்லாம் பெரிசாப் படல. இனிஷியல்தான் பட்டுச்சு. 'யு' உலகநாதன், அவங்க அப்பா. 'பி' புதுக்கோட்டை. அந்தக் காலத்துல அவ்வளவு பெரிய ஸ்டார், போஸ்டர்ல எல்லாம் ஊரை முன்னாடி போட்டுட்டுத்தான் பேரையே போட்டிருக்காரு.

உண்மையைச் சொல்லணும்னா, நான் ஊரை ஒத்துக்க ஆரம்பிச்சதே ஒரு கோடி பேர் ஒத்துக்கிட்ட பிறகுதான். அந்தச் சேனலுக்கு வெறும் ஆயிரம் சப்ஸ்கிரைபர் இருந்திருந்தா தியேட்டர்ல விசில் அடிச்சிருப்பேனான்னு தெரியல. அப்பா கடைக்கு யாரும் லைக் போடல. அதனால அந்த ஊர் இல்லைன்னு ஆயிடுமா? இதை ரூம்மேட்கிட்டச் சொன்னேன். "அப்போ மூணு வருஷமா என்னை ஏமாத்தியிருக்க"ன்னு சொல்லிட்டு, பொங்கலுக்கு வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்லியிருக்கான். வந்தா சின்ன வீரமங்கலம் போகணுமாம். நம்ம வீட்டுல சாப்பிட்டுட்டுப் போடான்னேன்.

போன வாரம் அடுத்த இன்டர்வியூ. அதே மொட்டை மாடி, அதே கைலி. அப்பா இந்தத் தடவை ஒளிஞ்சு நிக்கல, டேங்க் பக்கத்துல நேராவே உட்கார்ந்துட்டாரு.

'ஐ ஆம் ஃப்ரம் புதுக்கோட்டை, சார்'னேன். கொஞ்சம் சத்தமாவே வந்துடுச்சு, டர்மெரிக் பவுடர் மாதிரி.

புனேயில இருந்து பேசின அந்த சார் நெத்தியைச் சுருக்கினாரு. "புது... வேர் இஸ் தட்?"

அப்பாவைப் பார்த்தேன். அவர் வானத்தைப் பார்த்தாரு.

"நியர் திருச்சி, சார்."