மறந்தாலும் கண்டுபிடிக்கலாம்

குற்றாலத்தில் சாரல் ஆரம்பித்துவிட்டது. தென்காசி வரை நல்ல குளிர்காற்று.

போன வாரம் என் பழைய மாணவி ஒருத்தி போன் செய்தாள். "சார், மூணாவது படிக்கிற மகனுக்கு வாய்ப்பாடு மண்டையில நிக்கவே மாட்டேங்கு. ராத்திரி ஒப்பிக்கான், காலையில மறந்துருதான். அடிச்சும் பாத்துட்டேன்" என்றாள். இதையே வேறு சிலரும் கேட்டிருப்பதால் எல்லோருக்குமாக இங்கே எழுதுகிறேன்.

மறதி வேறு, புரியாமை வேறு. 38-ஐயும் 25-ஐயும் கூட்டும்போது 8-ம் 5-ம் 13 என்று கண்டு, 3-ஐ எழுதி, 1-ஐ மனதில் வைத்து, அடுத்த இலக்கங்களைக் கூட்ட வேண்டும். சில பிள்ளைகளுக்கு அதற்குள் அந்த 1 தொலைந்துவிடும். ஒரே நேரத்தில் மனதில் பிடித்துவைக்கும் அளவு அவர்களுக்குக் குறைவு. இரண்டு மங்குஸ்தான் மட்டுமே பிடிக்கிற கையில் எட்டு பழத்தைக் கொடுத்தால் கீழே விழத்தான் செய்யும். அடித்தால் கை பெரிதாகாது.

நான் குற்றாலம் பக்கம் வேலை பார்த்தபோது இப்படி ஒரு பையன் மூன்றாம் வகுப்பில் இருந்தான். அவன் அப்பா சீசனில் பழக்கடை போடுவார். அரைப்பரீட்சை முடிந்ததும் அம்மா வந்து, "இவனுக்குப் படிப்பு ஏறாது சார், கடையிலயே நிக்கட்டும்" என்றார். "இந்த வருஷம் முடியட்டும்மா" என்று கேட்டுக்கொண்டேன்.

சத்துணவுக்கு முட்டை வரும் அட்டையில் 30 குழி இருக்கும், வரிசைக்கு ஐந்து. அதை மூன்றாக வெட்டினால் பத்துக் குழி அட்டை மூன்று கிடைக்கும். அதில் புளியங்கொட்டை போடச் சொன்னேன். எட்டு போட்டால் இரண்டு குழி காலியாக இருப்பது கண்ணுக்கே தெரியும். எட்டோடு ஐந்தைக் கூட்ட, ஐந்தில் இரண்டை எடுத்துக் காலிக் குழியை நிரப்பினால் பத்து, மீதி மூன்று. பதின்மூன்று! விரல் விட்டு எண்ணவும் வேண்டாம், மனப்பாடமும் வேண்டாம். சில வாரங்கள் கழித்து அட்டையைப் படமாக வரைந்தான். அதன் பிறகுதான் வெறும் எண்.

வாய்ப்பாட்டில் 1, 2, 5, 10 மட்டும் போதும் என்றேன். ஏழெட்டு மறந்துவிட்டதா? ஐயெட்டு நாற்பது, ஈரெட்டு பதினாறு, இரண்டையும் கூட்டினால் ஐம்பத்தாறு. ஒன்பதாறு வேண்டுமா? பத்தாறு அறுபதில் ஒரு ஆறைக் கழி, ஐம்பத்து நான்கு.

அடுத்த சீசனில் பல வாரம் கடையில் நின்றுவிட்டு ஆகஸ்ட் கடைசியில்தான் வகுப்புக்கு வந்தான். ஏழெட்டு கேட்டேன். "மறந்துட்டேன் சார். இருங்க, கண்டுபிடிச்சிருதேன்" என்று வாய்க்குள் முணுமுணுத்துவிட்டு ஐம்பத்தாறு என்றான். அன்று சாயங்காலமே அவன் அம்மாவிடம் போய்ச் சொன்னேன். படிப்பை நிறுத்தவில்லை. பத்தாம் வகுப்பில் கணக்கில் ஜஸ்ட் பாஸ்தான், ஆனால் பாஸ்.

திண்ணைப் பள்ளிக்கூடக் காலத்திலிருந்தே நமக்கு எண்சுவடியை ஒப்பிப்பதுதான் கணக்கு. மனப்பாடம் வருகிற பிள்ளைக்கு அது நல்லதே. வராத பிள்ளைக்கு விடையைக் கொடுக்காதீர்கள், விடைக்குப் போகும் வழியைக் கொடுங்கள்.

வீட்டில் செய்ய வேண்டியவை:

• தினமும் பத்து நிமிடம் போதும். ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் உட்கார வைப்பதால் பலன் இல்லை. இடைவெளி விட்டுத் திரும்பப் படிப்பதே நிற்கும் என்று ஜெர்மனியின் எப்பிங்ஹாஸ் 1885-லேயே எழுதிவிட்டார்.
• ஒரு நேரத்தில் ஒரு வேலை மட்டும் சொல்லுங்கள்.
• இடைவிடையைத் தாளில் எழுதட்டும். அது காப்பி அடிப்பது ஆகாது.
• "நேத்துதானே சொன்னேன்" என்ற வார்த்தை வேண்டாம்.

இவ்வளவு செய்தும் சிரமம் இருந்தால் முதலில் கண்ணையும் காதையும் பரிசோதியுங்கள். பிறகு பள்ளி மூலம் வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியரைப் பாருங்கள். கற்றல் குறைபாடு 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்திலேயே இருக்கிறது. உதவி கேட்பது பிள்ளையின் உரிமை, அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பிள்ளை இருந்தால் எனக்கு எழுதுங்கள். தென்காசிப் பக்கம் வந்தால் பிள்ளையை அழைத்து வாருங்கள். முட்டை அட்டையும் புளியங்கொட்டையும் எங்கள் வீட்டில் எப்போதும் இருக்கும்.