ஒரு கட்டிலுக்கு 34 பேர்

துபாய்க்குப் போன முதல் வாரம் அம்மாவுக்கு போன் எடுத்தேன். 2013. சாப்பாடு, வெயில் எல்லாம் விசாரிச்சிட்டு அம்மா கேட்டாங்க:

"வீட்டு வாடகை எவ்வளவுப்பா?"

"வீடு இல்லம்மா, கட்டில். மாசம் 600 திர்ஹம்."

"கட்டிலுக்கு வாடகையா?"

அப்போ ஒரு திர்ஹம் ஏறக்குறைய 35 ரூபா. கட்டில் 21,000 ரூபா. அம்மா கொஞ்ச நேரம் பேசல. பிறகு சொன்னாங்க, "34 பேர்."

தோட்டத்துக்கு வெளிய இருந்து வாசிக்கிறவங்களுக்காகச் சொல்றேன். எங்ககிட்ட 'பேர்'னா ஆள் இல்ல, ஒரு நாள் வேலை. சொன்ன கிலோ கொழுந்து எடுத்தா ஒரு பேர், குறைஞ்சா அரைப்பேர். அந்த வருசம் கூட்டு ஒப்பந்தப்படி அடிப்படைச் சம்பளம் 450, வரவுக் கொடுப்பனவு 140, இன்னொரு 30, எல்லாம் சேர்த்து 620 ரூபா. ஹட்டன் பக்கம் மலையில அம்மா ஒரு மாசம் பூரா ஏறி இறங்கினாலும் 34 பேர் விழாது. அவ்வளவு காசுக்கு நான் ஒரு இரும்புக் கட்டில்ல படுத்திருந்தேன். அதுவும் மேல் கட்டில். கீழ்க் கட்டில்னா 50 திர்ஹம் கூட.

அறையில எட்டுப் பேர் (இது ஆள் கணக்கு). பத்துக்குப் பன்னிரண்டு அடி லயக் காம்பராவுல ஏழு பேரா வளர்ந்தவனுக்கு நெரிசல் புதுசில்ல. புதுசா இருந்தது வாடகைங்கிற சங்கதிதான். எங்க குடும்பத்துல அஞ்சு தலைமுறையா யாரும் வாடகை கட்டினதில்ல. வாடகை எப்படிப் பேசுறது, முற்பணம்னா என்ன, ஒண்ணும் தெரியாது.

அந்த ஊர் வாடகைக்குன்னு தனிச் சட்டதிட்டம் இருக்கு. வீட்டை எடுக்கிறவர் வருச வாடகையை நாலோ ஆறோ பின்தேதி போட்ட செக்கா முன்னாடியே கொடுக்கணும். செக் திரும்பினா அந்தக் காலத்துல பொலிஸ் கேஸ். இது போக முற்பணம், தரகர் காசு. வருச வாடகையில 5 வீதத்தை மாநகர சபை 12 மாசத்துக்குப் பிரிச்சு கரண்ட் பில்லோட வசூலிக்கும். அவ்வளவையும் ஒருத்தர் தலையில ஏத்திக்கிட்டு, பிறகு கட்டில் கட்டிலா பிரிச்சு எங்களுக்கு விடுவார். விளம்பரத்துல 'பேச்சிலருக்கு மட்டும்'னு இருக்கும். ரெண்டு பிள்ளைக்குத் தகப்பனா இருந்தாலும், குடும்பம் கூட இல்லேன்னா அங்க நீங்க பேச்சிலர்தான்.

சாப்பாட்டுக் கடையிலயும் கொஞ்ச நாள் தடுமாறினேன். நம்ம ஊர்க் கடையில சோட்டீஸ் தட்டைக் கொண்டுவந்து மேசையில வைப்பாங்க, தின்னதுக்கு மட்டும் காசு. அங்க வைச்சதெல்லாம் பில்லுல வரும். ஆனா மலையாளிக் கடை மெஸ்ல மாசக் காசைக் கட்டிட்டா சோறும் சாம்பாரும் எத்தனை தரமும் வாங்கலாம். மீன் பொரியலுக்கு மட்டும் தனிக் காசு. அந்தப் பொரியலைப் பார்த்து 35ஆல பெருக்குவேன். பெருக்கினா பசி போயிடும்.

வெளிநாட்டுல இருக்கிற எல்லாருக்கும் இந்தப் பெருக்கல் வியாதி உண்டு. தெருவோரக் கடையில ஒரு தேத்தண்ணி ஒரு திர்ஹம், அதாவது 35 ரூபா. 2022 மே மாசம் இங்க ரூபா விழுந்தப்போ அதே தேத்தண்ணி, அதே ஒரு திர்ஹம், என் கணக்குல கிட்டத்தட்ட 98 ரூபா. கடைக்காரர் விலையைக் கூட்டவே இல்ல. அனுப்புற காசு ஊர்ல பெருத்துப் போச்சுன்னு அறையில சிலர் சந்தோசப்பட்டாங்க. ஊர்ல அம்மா கேஸுக்கும் மாவுக்கும் வரிசையில நின்னுட்டிருந்தாங்க.

அந்த வருசம் செப்டெம்பர்ல துபாய் காணித் திணைக்களம் ஒரு உத்தரவு போட்டது. வாடகை வீட்டுல யார் யார் குடியிருக்கிறாங்களோ எல்லாரையும் அடையாள அட்டையோட பதிவு செய்யணும். அப்போ நானும் இன்னொருத்தரும் சேர்ந்து ஒரு சின்ன ஸ்டூடியோவுக்கு மாறியிருந்தோம். அவர் போன்ல என் பேரையும் ஏத்தினார். இந்தக் கட்டடம், இந்த இலக்கம், இதுல இன்னார் குடியிருக்கிறார்.

அதை நான் ரொம்ப நேரம் பார்த்துட்டிருந்தேன். என் முப்பது வருச வாழ்க்கையில ஒரு வீட்டோட சேர்த்து என் பேரை எழுதினது அதுதான் முதல் தடவை. எங்க லயத்துக்கு வீட்டு இலக்கம் கிடையாது. கடிதம் தோட்ட ஆபிஸுக்குத்தான் வரும். உயர்தரப் பெறுபேறுக்குப் பிறகு எனக்கு வந்த ஒரு நேர்முகப் பரீட்சைக் கடிதம், பரீட்சை முடிஞ்ச பிறகுதான் கைக்குக் கிடைச்சது.

இன்னொண்ணும் உறைச்சது. வீட்டை விற்கப்போறேன்னு துபாய்ல வீட்டுக்காரர் குடியிருக்கிறவரை எழுப்பணும்னாகூட 12 மாசத்துக்கு முன்னாடியே முறைப்படி எழுத்துல அறிவிக்கணும். பிரஜை இல்லாத எனக்கும் அந்தச் சட்டம்தான். பிறந்த தோட்டத்துல அப்படி ஒரு காகிதமே இல்ல.

அப்பா ஓய்வு பெற்றப்போ ஆபிஸ்ல கேட்டாங்களாம், "ஒன் வீட்டுல இனி யாரு பேர் பதிஞ்சு வேலை செய்றது?" அம்மா சொன்னாங்க, "நான் இருக்கேன்ல." நான் அனுப்புற காசு வீட்டுக்குப் போதும். ஆனாலும் அம்மா முழங்கால் வலியோட மலைக்குப் போனாங்க. "ஏம்மா இன்னும் போறீங்க?"ன்னு ஒவ்வொரு போன்லயும் சண்டை பிடிப்பேன். அவங்க ஏன் போனாங்கன்னு எனக்கு லேட்டாத்தான் விளங்கிச்சு. நாங்க வாடகை கட்டலைன்னு நான்தான் நினைச்சிட்டிருந்தேன். அம்மா தினமும் 18 கிலோவா கட்டிட்டிருந்தாங்க. நான் தோட்டத்தை விட்டுப் போனதால என் பங்கையும் சேர்த்து.

2024 கடைசியில திரும்பி வந்தேன். போன வருசம் ஏப்ரல் சீசனுக்கு அம்மாவை நுவரெலியாவுக்குக் கூட்டிட்டுப் போனேன். வசந்த காலத்துல அங்க ரூம் வாடகையைக் கேட்டாலே குளிர் விட்டுப் போயிடும். கட்டிலுக்குக் கொடுத்த காசு போதும்னு பகல்லயே திரும்புற பிளான். ஒரு நல்ல ஹோட்டல்ல தேத்தண்ணிக்கு உட்கார்ந்தோம். ஒரு கேத்தல் 700 ரூபா, பக்கத்துல ரெண்டு கூட்டல் குறி. துபாய் மெனுவுல வற் வரியைச் சேர்த்தே விலை போட்டிருக்கும். இங்க 700க்கு மேல சேவைக் கட்டணம் 10 வீதம், அதுக்கும் மேல வற் 18 வீதம். பில் 910 ரூபா கிட்ட வந்தது.

அம்மா பில்லை வாங்கிப் பார்த்தாங்க. அப்போ ஒரு பேருக்கு அடிப்படை 1,350. மனக்கணக்குல அவங்களை யாரும் அடிக்க ஏலாது.

"12 கிலோ," ன்னாங்க. கேத்தல் மூடியைத் திறந்து உள்ள பார்த்தாங்க. "இதுக்குள்ள ஒரு பிடி கொழுந்துகூட இருக்காது தம்பி."

பஸ்ல வரும்போது வீட்டுப் பேச்சை எடுத்தேன். 7 பேர்ச் காணிக்கு எங்க டிவிசன்ல பேர் எழுதி வருசக் கணக்காச்சு. 2017ல இந்தியப் பிரதமர் நோர்வூட்டுக்கு வந்து இன்னும் 10,000 வீடுன்னு சொன்னப்போ அம்மாவும் அந்தக் கூட்டத்துல நின்னாங்க. "டவுன்ல வாடகைக்குப் போயிடலாம்மா, நான் கட்டுறேன்"ன்னேன்.

"போனா லயத்துப் பேரை வெட்டிடுவாங்க. பேர் வெட்டினா காணி லிஸ்ட்லயும் இருக்க மாட்டோம்."

ஜன்னல் பக்கம் திரும்பிட்டாங்க. அடுத்த நாள் காலையில நான் எழும்பும்போது இஸ்தோப்புல அம்மாவோட கூடை இல்ல.