புகையிரதப் பாதையின் கீழே ஒரு கடைவீதி

யப்பானுக்குப் பிரயாணம் செய்வோர் கோவில்களையும் மலர்ச் சோலைகளையும் கண்டு திரும்புவது வழக்கம். நாமோ டோக்கியோவில் இறங்கிய மறுநாளே, மடித்த காகிதமொன்றுடன் அகிஹபாரா புகையிரத நிலையத்தை நாடிச் சென்றோம். காலஞ்சென்ற எம் தகப்பனார் பாவித்த வால்வு அம்பிளிபையரின் மின்சுற்றுப் படம் அது. சில வருஷங்களாக அக்கருவி கரகரத்தது. அதன் இரு இ.எல்.34 வால்வுகளில் வலப்புறத்ததன் தகடு தணல்போற் சிவந்தது. புதிய வால்வுகள் வாங்குவதே எமது உத்தேசம்.

யுத்தம் முடிந்த 1945ஆம் ஆண்டின் பின், அயலிலுள்ள கண்டாப் பகுதியின் தெருவோரங்களில் வானொலி உதிரிப்பாகக் கடைகள் பெருகின. 1949இல் தெருக்கடைகளை அகற்றுமாறு கட்டளை பிறக்கவே, வியாபாரிகள் புகையிரதப் பாதையின் கீழே குடிபுகுந்தனர். அங்கெழுந்த ‘ரேடியோ ஸ்டோர்’ 2013இல் மூடப்பட்டது. ‘ரேடியோ சென்டர்’ இன்றும் உளது. எதிரே ஒருவர் வந்தால் ஒதுங்கி வழிவிட வேண்டிய ஒடுங்கிய சந்துகள். இருமருங்கும் சின்னஞ்சிறு கடைகள்.

ஒரு கடையில் முதியவர் ஒருவர் எமது படத்தை நெடுநேரம் நோக்கினார். பாஷை தெரியாமையால் பென்சிலே எமக்குத் துவிபாஷியாயிற்று. வால்வுகளை இடம் மாற்றிப் பார்த்தீரா என வினவுவார்போல் இரு அம்புக்குறிகள் வரைந்தார். மாற்றியும் வலப்புறமே சிவந்ததென்று காட்டினோம். உடனே அவர் வால்வுப் பெட்டிகளைத் திரும்ப அடுக்கிவிட்டு, படத்திலிருந்த சிறு கொண்டென்சர் ஒன்றை வட்டமிட்டார்.

விஷயம் விளங்கிற்று. அக்கொண்டென்சர் ஒலியைச் செல்லவிட்டு, உயர்ந்த நேர்மின்னழுத்தத்தைத் தடுத்து நிற்பது. முதுமையால் அது கசிந்தால், வால்வு அளவுக்கு மிஞ்சி உழைத்துச் சிவக்கும். புதிய வால்வைப் பூட்டினாலும் அதே கதிதான். பெரிய இலாபத்தைக் கைவிட்டு, இருபுறத்துக்குமாக இரு கொண்டென்சர்களை மட்டும் சொற்ப விலைக்கு அவர் தந்தார்.

ஊர் திரும்பியதும், பழுதுபார்ப்பவர் முதலிற் கருவியில் தேங்கியிருந்த மின்சாரத்தை வெளியேற்றினார். மின்செருகியைக் கழற்றிய பின்பும் அதனுள் உயிர்கொல்லும் மின்னழுத்தம் தங்கியிருக்கக்கூடும். கொண்டென்சர்களை மாற்றிய பின், மின்னழுத்தத்தைச் சிறிது சிறிதாக உயர்த்தினார். தகடு சிவக்கவில்லை. நாதசுரம் தெளிவாக எழுந்தது. அடுக்களையிலிருந்த எம் அன்னையார் வந்து, தகப்பனாரின் நாற்காலிக்கருகே அமர்ந்து, இசைத்தட்டு முடியும்வரை கேட்டிருந்தார்.

யப்பான் செல்லும் வாசகர்கள் அகிஹபாராவுக்கும் ஒருபொழுது ஒதுக்குவார்களாக. பொருளை விற்பவர் எங்குமுளர். வேண்டாத பொருளை வாங்காதே என்று தடுப்பவரை அங்கே நாம் கண்டோம்.