வாசற்படியின் உள்ளே

பழைய கார் ஒன்றைப் புதுப்பிப்பது என்றால் அதற்கு நல்ல வண்ணம் பூசுவது என்றே நம்மில் பலர் எண்ணுகிறோம். அரபி இலக்கணமும் தமிழ் யாப்பும் கற்பித்துக் காலங்கழித்தவனுக்கு இரும்புத் தகட்டின் சங்கதி எப்படித் தெரியும்? 2022ஆம் ஆண்டிலும் 2024ஆம் ஆண்டிலும் இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரில் ராத்தாவின் வீட்டில் சில மாதங்கள் தங்கியிருந்தேன். அவர்களுடைய மகன் தன் வாப்பாவின் காரைச் சீர்செய்வதை அருகிலிருந்து பார்க்கும் வாய்ப்பு அப்போது கிட்டியது. என் கைக்கு வந்த வேலை பெரும்பாலும் விளக்குப் பிடிப்பதுதான். ஆனால் விளக்குப் பிடிப்பவனுக்குத்தான் எல்லாம் தெரிகிறது.

அந்த வண்டி எம்.ஜி.பி. ஜி.டி. என்னும் கூபே, 1972இல் செய்யப்பட்டது. ஆங்கிலேயர் 1962இல் திறந்த கூரையோடு வெளியிட்ட பந்தயச் சாயல் காருக்கு, இத்தாலியின் பினின்ஃபாரினா நிறுவனத்தார் அழகிய மூடுகூரை ஒன்றை வகுத்துத் தர, 1965இல் இந்த வடிவம் பிறந்தது. கதவுகள் இரண்டு, பின்புறம் மேல்நோக்கித் திறக்கும் மூடி, பின்னிருக்கை என்பது பேருக்குத்தான். அபிங்டன் ஊரின் தொழிற்சாலை 1980இல் மூடப்படும்வரை இரு வடிவங்களும் சேர்ந்து ஐந்து இலட்சத்துக்கு மேல் வெளிவந்தன. மச்சான் இதைப் பழைய வண்டியாக 1983இல் வாங்கினார். 1998க்குப் பின் அது கொட்டகையை விட்டு வெளியே வரவில்லை. மச்சான் மறைந்தபின் மகன் அதன் மேலிருந்த துணியை நீக்கினான்.

இந்த வண்டிக்குத் தனியே அடிச்சட்டம் கிடையாது. உடலே சட்டம். பாரத்தைத் தாங்குவதில் பெரும்பங்கு, கதவுகளுக்குக் கீழே முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையே நீளவாட்டில் ஓடும் இரு பெட்டிச் சட்டங்களுடையது. ஆங்கிலத்தில் அதனை 'ஸில்' என்பார்கள். வாசற்படி என்றும் அச்சொல்லுக்குப் பொருள் உண்டு. மூன்று நான்கு தகடுகளைச் சேர்த்து மூடிய பெட்டி அது. முன்சக்கரம் வாரி இறைக்கும் சேறும், குளிர்காலச் சாலையில் தூவப்படும் உப்பும் மெல்ல அதனுள் இறங்குகின்றன. வடிதுளைகள் அடைபட்டுவிட்டால் ஈரம் உள்ளேயே தங்கிவிடும். செம்புக்குக் களிம்பு, இரும்புக்குத் துரு என்று தமிழ் பெயர்களைப் பிரித்து வைத்திருக்கிறது. பெயரில் மட்டுமா வேற்றுமை? களிம்பு செம்பின் மேல் போர்வையாகப் படிந்து அடியிலிருப்பதை ஒருவாறு காக்கும். துருவோ தான் தின்ற இரும்பைவிட அதிக இடத்தைக் கேட்கும். பருத்துத் தகடுகளைப் பிளந்து, அடுத்த ஈரத்துக்கு வழிவிடும்.

வெளியிலிருந்து பார்த்தால் இடப்பக்கத்து ஸில் நன்றாகவே இருந்தது. மருமகன் சிறு சுத்தியலால் தட்டிக்கொண்டே போனான். ஓசை ஓரிடத்தில் மாறிற்று. வெட்டு இயந்திரத்தை வைத்துத் திறந்தபோது, வெளித்தகட்டின் அடியில் இன்னொரு வெளித்தகடு! பழையதை அகற்றாமலே அதன்மேல் மெல்லிய மூடுதகடு ஒன்றைப் பற்றவைத்திருந்தார்கள். அடியிலிருந்த பழைய தகடு பனையோலைபோல் பொடிந்தது. அதற்கும் உள்ளே நிற்க வேண்டிய நடுத்தகடு பாதி நீளத்துக்கு இல்லவே இல்லை. பழுப்புத் தூள் அரை வாளி தேறியது.

அந்த மூடுதகட்டை வைத்தவர் மச்சான்தாம். 1991இன் குளிர்காலத்தில் ஆண்டுச் சோதனையில் வண்டி தேறவில்லை என்ற தாளை அவர் கோப்பில் பத்திரமாக வைத்திருந்தார். தொழிற்சாலை வேலை போயிருந்த ஆண்டு அது. கடன் வாங்கிய வெல்டிங் கருவியைக் கொண்டு தாமே இரவில் செய்து முடித்தார் என்று ராத்தா சொன்னார்கள். மறுசோதனையில் வண்டி தேறியும் விட்டது.

மருமகன் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "இதை மூடிவிட்டுத்தான் எங்களை ஏற்றிக்கொண்டு போனார்களா, மாமா?" என்று கேட்டான்.

பொருளின் குறையை மறைத்து விற்பதற்கு அரபியில் 'தத்லீஸ்' என்று பெயர். வணிகச் சட்டம் பேசும் கிதாபுகளில் அதைப் பற்றி விரிவாகவே வரும். மச்சான் வண்டியை எவருக்கும் விற்கவில்லை. ஆனால் பிள்ளைகளை அந்தப் பெயரளவுப் பின்னிருக்கையில் அமர்த்தி ஏழு ஆண்டுகள் ஓட்டினார் என்பதும் மெய். உள்ளே நடுத்தகடு இல்லை என்பதை அவர் கண்டாரா, காணாமலே மூடினாரா? சொல்லக்கூடியவர் இப்போது இல்லை. வேலையற்ற வீட்டின் குளிர்காலத்தை நானும் தபாலில் படித்தவன். ஆகவே அவருக்காக வழக்காடவும் என்னால் இயலும், எதிராக வழக்காடவும் இயலும். இரண்டையும் விட்டுவிட்டு விளக்கைச் சற்று உயர்த்திப் பிடித்தேன்.

இதில் இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. நாற்பது ஆண்டு கடந்த வண்டிகளில், பெரும் மாற்றம் செய்யப்படாதவற்றுக்கு, 2018 மே முதல் அந்நாட்டில் ஆண்டுச் சோதனை கட்டாயமில்லை. தகப்பனை இரவு முழுதும் விழிக்கவைத்த சோதனை மகனுக்கு இல்லை. திறந்ததை மறுபடி மூடி, பட்டி வைத்து, மேலே சிவப்பை அடித்திருந்தால் கேட்பார் எவருமில்லை. சட்டம் விலகிக்கொண்ட இடத்தில் ஓட்டுகிறவனே பொறுப்பாளி.

பழைய அச்சுகளைக் கொண்டே புதிய உடற்கூடு செய்து விற்கும் நிறுவனம் ஒன்று அங்கே உண்டு. திறந்த வண்டிக்கு 1988 முதலும், பிற்பாடு கூபேக்கும் அது கிடைத்து வருகிறது. நண்பர் ஒருவர் அதை வாங்கச் சொன்னார். கூடு முழுதும் மாறினால் அது வாப்பாவின் வண்டியாக இராது என்று மருமகன் மறுத்துவிட்டான். அவன் சொன்னதில் தருக்கப் பிழை காணலாம்; நான் காண விரும்பவில்லை.

வெட்டியெடுப்பதற்கு முன் வண்டியைச் சமமாகத் தாங்கி, கதவுவாயின் குறுக்கே இரும்புச் சட்டங்களைத் தற்காலிகமாகப் பற்றவைத்தான். முதுகெலும்பை நீக்கினால் உடல் தொய்யுமல்லவா? முன்புறக் காப்புத் தகடு திருகாணியில் நிற்பது. கழற்றினால் ஸில்லின் முன்முனை தெரியும். பின்முனையோ பின்தகட்டின் அடியில் ஒளிந்திருப்பதால் அதன் கீழ்ப்பகுதியை அறுத்தே ஆகவேண்டும். ஒரு பக்கம் முடியாமல் மறுபக்கத்தைத் தொடவில்லை. ஒவ்வொரு தகட்டையும் இடுக்கிகளால் பிடித்து நிறுத்தி, கதவை மாட்டிச் சாத்திப் பார்த்து, சுற்றுமுள்ள இடைவெளி ஒத்த பின்னரே பற்றவைத்தான். மூடப்போகும் முகங்களில் துத்தநாகம் கலந்த பூச்சைத் தடவினான்.

தகடுகள் சேரும் ஓரிடத்தைப் பட்டிக்குப் பதிலாக ஈயத்தால் நிரப்பியபோது என் மனம் ஊருக்குப் போய்விட்டது. எங்கள் தெருவுக்கு ஈயம் பூசுபவர் வருவார். பித்தளைப் பாத்திரத்தைச் சூடேற்றி, நவச்சாரத்தைத் தூவித் தேய்த்த பின்பே வெள்ளீயத்தை விடுவார். பஞ்சால் ஓர் இழுப்பு, பாத்திரம் வெள்ளியாகும். இங்கும் அதே முறை. இரும்பைப் பளபளவெனத் துடைத்து, மெல்லிய ஈயப்பூச்சு ஏற்றி, அதன்மேல் ஏழு பங்கு காரீயமும் மூன்று பங்கு வெள்ளீயமும் கலந்த கோலை உருக்கி, கொழுப்புத் தடவிய மரக்கட்டையால் வெண்ணெய்போல் வழித்தார்கள். துப்புரவில்லாத இடத்தில் ஈயம் ஒட்டாது, உருண்டோடிவிடும். ஆறியபின் அரத்தால்தான் இழைத்தார்கள். காரீயத் தூள் மூச்சில் போனால் நஞ்சு.

இனி வண்ணம். வெற்று இரும்பை அந்நாட்டு ஈரக்காற்றில் ஓரிரவு விட்டால்கூடத் துருவின் நிழல் விழுந்துவிடும். ஆதலால் எபாக்ஸி அடிப்பூச்சு உடனே ஏறியது. அதன்மேல் கனத்த நிரப்புப் பூச்சு. அதன்மேல் கறுப்பை மெல்லத் தூவி, நீண்ட கட்டையில் உப்புத்தாளைச் சுற்றி இழைத்தான். மேடுகளில் கறுப்பு அழிந்துவிடும். பள்ளங்களில் நின்று காட்டிக்கொடுக்கும். கண்ணுக்குத் தப்பியதைக் கை கண்டது. கைக்கும் தப்பியதைக் கறுப்பு கண்டது. இழைத்த விளிம்புகளில் மரத்தின் வளையங்கள்போல் பழைய பூச்சுகள் தெரிந்தன: மச்சான் அடித்த சிவப்பு, அதனடியில் சாம்பல் நிறம், எல்லாவற்றுக்கும் அடியில் தொழிற்சாலையின் நீலப்பச்சை. எதை அடிப்பது என்ற பேச்சு ஒரு வாரம் நடந்தது. சிவப்பே இருக்கட்டும் என்றார்கள் ராத்தா. பேச்சு முடிந்தது. வெயில் படாமல் மறைந்திருந்த ஒரு துண்டிலிருந்து அந்தச் சிவப்பைக் கருவியால் அளந்து கலந்து தந்தார்கள். கடினமாக்கி சேர்த்துத் தெளிக்கும் இவ்வகை வண்ணத்தின் புகை நுரையீரலைக் கெடுப்பது. தனிக்காற்று வரும் முகமூடி இல்லாமல் தெளிக்கலாகாது. எனவே அதை மட்டும் அதற்கென அறையுள்ள பட்டறையில் கொடுத்துச் செய்வித்தான்.

வண்டி திரும்பி வந்தபின் ஸில்லின் உள்ளே நீண்ட குழாயை விட்டு, உருகிய மெழுகைச் செலுத்தினான். வடிதுளைகளில் அது சொட்டும்வரை நிறுத்தவில்லை. அஸருக்குப் பிறகு ராத்தாவை அழைத்துவந்து இடப்பக்க இருக்கையில் அமர்த்தினோம். சிவப்பைப் பற்றி அவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. கதவைச் சாத்தினார்கள், மறுபடி திறந்து மறுபடி சாத்தினார்கள். "முன்பெல்லாம் இதைத் தூக்கித்தானே சாத்த வேண்டும்?" என்றார்கள்.