ஹோட்டல்ல வண்டிய போட்டுட்டு பார்க்குக்குப் போறவங்க கவனத்துக்கு

போன வாரம் கேன்டீன்ல உக்காந்து ஃபைனல் இயர் டூர் பத்திப் பேசிக்கிட்டிருந்தோம். சென்னைல ஈ.சி.ஆர். பக்கம் ஒரு தீம் பார்க், அதுக்குக் கிட்டயே ஒரு ரிசார்ட், ஒரு ராத்திரி தங்கல். இதான் பிளான். பட்ஜெட் போட்டுக்கிட்டிருந்தவன் திடீர்னு ஞானம் வந்த மாதிரி சொன்னான்: "மாப்ள, பார்க்ல வண்டி நிறுத்த தனியா காசு கேப்பாய்ங்க. வண்டிய ரிசார்ட்லயே போட்ருவோம். நாம ஆட்டோ புடிச்சுப் போயிருவோம். ரூம காலி பண்ணா என்ன, வண்டி பாட்டுக்கு நிக்கப் போகுது."

எல்லாரும் கை தட்டாத குறை. எனக்கு அந்தக் கடைசி வரி மட்டும் உறுத்திக்கிட்டே இருந்துச்சு. அங்கயே வாயத் தொறந்திருந்தா "வந்துட்டார்யா புரொஃபசர்"னு ஓட்டியிருப்பாய்ங்க. அதான் இங்க எழுதறேன் :-)

எங்க ஊரு கீழக்குயில்குடி. சமணர் மலை பாக்க வந்தவங்களுக்குத் தெரியும். மலையடிவாரத்துல அய்யனார் கோயில், தாமரைக் குளம், பெரிய பெரிய ஆலமரம். மேல செட்டிப்புடவுலயும் பேச்சிப்பள்ளத்துலயும் ஆயிரம் வருஷத்துக்கு முந்தின சமணச் சிற்பங்களும் வட்டெழுத்துக் கல்வெட்டும் இருக்கு. வெளியூர்லேருந்து வேன் வந்தா ஆலமரத்தடில நிறுத்திட்டு, பார்ட்டி மலையேறும். டிரைவர் துண்ட விரிச்சு அங்கயே படுத்திருவாரு. சின்ன வயசுலேருந்து அதப் பாத்ததால, வண்டி நிறுத்தறதுன்னா இம்புட்டுத்தான்னு நெனச்சுக்கிட்டிருந்தேன்.

எங்கப்பாவும் டிரைவர்தான். ஒரே ஒரு டெம்போ டிராவலர் வச்சிருக்கற ஓனர்கிட்ட ஓட்டறாரு. (வாடகைக்கு எடுக்கறவங்களுக்கு டிரைவருங்க வச்சிருக்கற பேர்தான் "பார்ட்டி".)

இப்ப கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன். 2022 மே மாசம். ஸ்கூல் லீவு. மதுரைலேருந்து ஒரு குடும்பம், சின்னப் பசங்களையும் சேத்து பத்துப் பேரு, ஈ.சி.ஆருக்கு டிரிப் பேசினாங்க. அப்பா கூட நானும் தொத்திக்கிட்டேன். பேருக்குக் கிளீனர், உண்மைல ஓசில ஊர் சுத்தற பார்ட்டி.

முதல் நாள் ராத்திரி பத்து மணிக்குக் கிளம்பி விடியக்காலை ஏழு மணிக்குப் போய்ச் சேந்தோம். அன்னைக்குப் பகல் முழுக்க மாமல்லபுரம். சாயங்காலம் ரிசார்ட். பேர் வேணாம். நீச்சல் குளம், புல்வெளி, தென்னை மரம்னு சும்மா சொல்லக் கூடாது, அசத்தலா இருந்துச்சு. டிரைவருக்குன்னு மட்டும் அங்க ஒண்ணும் இல்ல. நாங்க ரெண்டு பேரும் வண்டிலயே படுத்தோம். கடலோரக் கொசு இருக்கே, நம்ம வைகைக் கொசுவெல்லாம் அதுக்குத் தம்பி. கண்ணாடிய ஏத்தினா வெக்கை, இறக்கினா கொசு. ஏத்தி இறக்கியே விடிஞ்சிருச்சு.

மறுநாள் காலைல பத்து மணிக்கு பார்ட்டி ரூமைக் காலி பண்ணுச்சு. பெட்டியெல்லாம் வண்டில ஏத்தியாச்சு. பெரியவர் அப்பாகிட்ட வந்து, "டிரைவர், பார்க்ல பார்க்கிங் காசு தண்டம். நாங்க ஆட்டோல போய்க்கிறோம். வண்டி இங்கயே நிக்கட்டும். நீங்களும் நல்லா ரெஸ்ட் எடுத்துக்கங்க. சாயங்காலம் ஆறரைக்கு வந்து கூப்டுக்கங்க"ன்னாரு. அவர் நல்ல மனசோடதான் சொன்னாரு. அப்பாவுக்கும் சந்தோஷம். அன்னைக்கு ராத்திரி முழுக்க மதுரைக்கு ஓட்டணும். பகல்ல எட்டு மணி நேரம் தூக்கம் கெடச்சா போதும்.

பதினொண்ணரைக்கு கண்ணாடில டொக் டொக்னு சத்தம். வயசான செக்யூரிட்டி ஒருத்தர். "தம்பி, உங்க ஆளுங்க ரூம் வெக்கேட் பண்ணிட்டாங்களாமே. வண்டிய எடுத்துருங்க. ரெண்டு மணிக்கு புது கெஸ்ட் வராங்க."

"அண்ணே, சாயங்காலம் வரைக்கும் நிப்பாட்டிக்கிறேன்ணே. ராத்திரி வண்டி ஓட்டணும்."

அவர் சுத்தி முத்திப் பாத்தாரு. பின்பக்கம் ஜெனரேட்டர் ரூம் ஓரமா நிழல் இருக்கு, அங்க போட்டுக்கச் சொன்னாரு. போட்டோம். அரை மணி நேரம் ஆகல, திரும்பி வந்தாரு. மூஞ்சே சரியில்ல. "மேனேஜர் கேமராவுல பாத்துட்டாரு தம்பி. என்னையத்தான் திட்றாரு." அப்பா ஒண்ணும் பேசல. வண்டிய ஸ்டார்ட் பண்ணிட்டாரு. "நம்மளால அவருக்கு ஒருநாள் சம்பளம் போச்சுன்னா பாவம்டா"ன்னாரு என்கிட்ட.

பெரியவருக்குப் போன் அடிச்சோம். ஸ்விட்ச் ஆஃப். தண்ணி விளையாட்டுக்குப் போறவங்க போனை லாக்கர்ல வச்சுட்டுத்தானே போவாங்க. மெயின் ரோட்டு ஓரமா நிறுத்த முடியாது. சவுக்குத் தோப்புப் பக்கம் ஒரு சந்துல நிறுத்தினோம். அங்க ஒரு வீட்டுக்காரர் வந்து கெளப்பி விட்டாரு. வண்டில பத்துப் பேரோட பெட்டி கெடக்கு, விட்டுட்டு எங்கயும் போய்ப் படுக்கவும் முடியாது. கடைசில மூணு மணிக்கு பார்க்கோட பார்க்கிங்குக்கே போயி, அப்பா தன் பேட்டாலேருந்து காசு குடுத்து நிறுத்தினாரு. ஒரு மரம் இல்ல. மே மாசத்து மூணு மணி வெயில்ல தகர டப்பாக்குள்ள யாருக்குத் தூக்கம் வரும்? ஏசி போட்டா டீசல் போச்சுன்னு ஓனர் கேப்பாரு.

ஆறரைக்கு பார்ட்டி வந்துச்சு. "நல்லா ரெஸ்ட் எடுத்தீங்களா டிரைவர்?"

"எடுத்தேன் சார்." அப்பா அவ்வளவுதான் சொன்னாரு.

செங்கல்பட்டு, திண்டிவனம், விழுப்புரம் தாண்டி, உளுந்தூர்பேட்டையும் போச்சு. பின்னாடி எல்லாரும் தூங்கிட்டாங்க. நான் முன்சீட்ல. பெரம்பலூருக்குக் கொஞ்சம் முன்னாடி, ரோட்டு ஓரத்து வெள்ளைக் கோட்டு மேல டயர் ஏறி தடதடன்னு ஒரு சத்தம். திரும்பிப் பாத்தா அப்பாவோட தலை சாஞ்சிருக்கு. "அப்பா!"ன்னு கத்தினேன். ஒரு செகண்டுதான். ஸ்டீரிங்க ஒடிச்சுட்டாரு. பின்னாடி யாரும் முழிக்கக்கூட இல்ல.

அடுத்து வந்த டீக்கடைல நிறுத்தி மூஞ்சி கழுவினாரு. கை நடுங்குச்சு. எங்கப்பா கை நடுங்கி நான் பாத்தது அன்னைக்கு மட்டும்தான். "வீட்ல அம்மாகிட்ட சொல்லாதடா"ன்னாரு. மதுரை வர்ற வரைக்கும் நான் வாய மூடல. தெரிஞ்ச கதை, தெரியாத கதை, பழைய படக் கதையெல்லாம் சொல்லிக்கிட்டே வந்தேன். பார்ட்டி மிச்சம் பண்ணது ஒரு பார்க்கிங் டிக்கெட்டு. அதுக்கு நாங்க பன்னெண்டு பேரும் குடுக்க இருந்தது எவ்வளவுன்னு அவங்களுக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது.

அப்புறம் காலேஜ் வந்த பிறகு இதப் பத்திக் கொஞ்சம் படிச்சேன். முதல்ல நான் அந்த மேனேஜரத்தான் வில்லன்னு நெனச்சிருந்தேன். முழுக்க அப்படியும் சொல்ல முடியாது. தமிழ்நாட்டுக் கட்டட விதிப்படி ஒரு காருக்கு ரெண்டரை மீட்டருக்கு 5 மீட்டர் இடம் வேணும். வண்டி திரும்பற இடம் தனி. ஹோட்டலுக்கு அது காசு போட்டு வாங்கின நிலம். டொனால்ட் ஷூப்னு அமெரிக்கப் பேராசிரியர் ஒருத்தர் (2025ல காலமாயிட்டாரு) 2005ல ஒரு தடிமனான புத்தகமே எழுதினாரு. ஒரே வரில சொன்னா, ஓசி பார்க்கிங்னு ஒண்ணு கிடையாது, அந்தக் காச வேற யாரோ குடுத்துக்கிட்டிருக்காங்க. அவர் சொன்னது வாடகை, சாமான் விலை, இந்த மாதிரி. நான் பாத்த கேஸ்ல அந்த "வேற யாரோ" எங்கப்பாவும் அந்த செக்யூரிட்டியும்.

இந்த விளையாட்டுல பழம் தின்னு கொட்டை போட்டவங்க டிஸ்னிக்காரங்க. 1955ல கலிஃபோர்னியாவுல டிஸ்னிலேண்டு தொறந்தப்ப முன்னாடி இருந்த பெரிய பார்க்கிங் மேலயே 2001ல இன்னொரு தீம் பார்க்கைக் கட்டிட்டாங்க. நிலத்தோட மதிப்பு அப்படி! ஃப்ளோரிடாவுல இருக்கற டிஸ்னி வேர்ல்டுல கன்டெம்பரரின்னு ஒரு ஹோட்டல். அங்கேருந்து மேஜிக் கிங்டம் பார்க்குக்கு நடந்தே பத்து நிமிஷம். பார்க்கோட பொது பார்க்கிங்கோ ஏரிக்கு அந்தப் பக்கம், படகோ மோனோரயிலோ ஏறி வரணும். அதனால நம்ம பய மாதிரியே அங்கயும் எல்லாருக்கும் ஐடியா தோணும், ஹோட்டல்ல போட்டுட்டு நடந்துருவோம்னு. அதுக்குத்தான் கேட்லயே ரூம் புக்கிங் இருக்கா, சாப்பாட்டு புக்கிங் இருக்கான்னு கேக்கறாங்க. அவங்க ஹோட்டல்ல தங்கறவங்களுக்கு பார்க்ல பார்க்கிங் இலவசம். ஹோட்டல்ல ராத்திரி நிறுத்தறதுக்கு 2018ல கட்டணம் போட்டு, 2023 ஜனவரில எடுத்துட்டாங்க. ஆனா அங்க வண்டிய ஓட்டி வர்றவரேதான் குடும்பத்தோட பார்க்குக்குள்ள போறாரு. வண்டிக்குள்ள உக்காந்திருக்கற இன்னொரு ஆள் கணக்குலயே வர்றதில்ல. நம்ம ஊர்ல வர்றாரு. ஆனா கணக்குல வைக்க மாட்டோம்.

சட்டம் இல்லாம இல்ல. 1961ல வந்த மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் ஒரு நாளைக்கு 8 மணி நேர வேலைன்னு சொல்லுச்சு. ஆனா அது அஞ்சு பேராவது வேலை பாக்கற நிறுவனத்துக்கு. ஒத்த வண்டி ஓனர்கிட்ட ஓட்டற எங்கப்பா அதுல வரல. 2023ல தமிழ்நாடு அரசு கட்டட விதிலயே ஒரு திருத்தம் கொண்டு வந்துச்சு. ஹோட்டல், லாட்ஜ்ல தங்கறவங்களோட டிரைவருங்களுக்குப் படுக்க இடமும் கழிப்பறையும் இருக்கணும், வளாகத்துக்குள்ளயோ இல்ல 250 மீட்டருக்குள்ளயோ. அந்தச் செய்திய அப்பாவுக்குப் படிச்சுக் காமிச்சேன். ரெண்டு தடவ படிக்கச் சொன்னாரு. இப்ப அவர் போற சில எடத்துல கட்டில் போட்டு ஃபேனோட ரூம் குடுக்கறாங்களாம், சில எடத்துல இன்னும் "வண்டிலயே படுத்துக்கங்க"தான். பார்ட்டி கேட்டா மட்டும் சாவி வெளிய வருதாம்.

அதனால மக்களே, டூர் போடறப்ப மூணே மூணு விஷயம் மட்டும் கேட்டுருங்க.

ஒண்ணு, ரூம் புக் பண்றப்பவே, காலி பண்ண பிறகு சாயங்காலம் வரைக்கும் வண்டி நிக்கலாமான்னு கேளுங்க. சரின்னா மெசேஜ்ல வாங்கி டிரைவருக்கு அனுப்பிருங்க. காசு கேட்டா குடுத்துருங்க, பத்துப் பேருக்குப் பிரிச்சா ஒரு டீக் காசுதான் வரும்.

ரெண்டு, டிரைவருக்குப் படுக்க எடம் எங்கன்னு கேளுங்க. நமக்கு ரூம் காமிக்கறப்பவே கேக்கணும்.

மூணு, பெட்டிய வண்டில போட்டுட்டுப் போகாதீங்க. ரிசப்ஷன்ல வச்சா, டிரைவர் வண்டியப் பூட்டிட்டு நிம்மதியா தூங்குவாரு. பார்க்குக்குள்ள போறப்ப யாராவது ஒருத்தர் போனைக் கைல வச்சுக்கங்க.

எங்க டூர் பட்ஜெட்ல "பார்க்கிங்"னு ஒரு வரி, "டிரைவர் ரூம்"னு ஒரு வரி நானே எழுதிச் சேத்துட்டேன். ஞானம் வந்த நண்பன் இன்னும் பாக்கல. பாத்தா கத்துவான். கத்தட்டும். அந்த வண்டிய ஓட்டப் போறது எங்கப்பா இல்ல. வேற யாரோட அப்பாவோ.