முன்னணையில் ஒரு முழம் துணி

டிசம்பர் முதல் வாரம். ஆரணி கடைத்தெருவில் காகித ஸ்டார்கள் தொங்கத் தொடங்கிவிட்டன. பட்டுச்சேலைக் கடைகளுக்கு நடுவே இருக்கும் பேன்சி ஸ்டோர்களில் சிவப்பும் மஞ்சளுமாக, உள்ளே பல்பு மாட்ட வசதியோடு. கிறிஸ்தவர்கள் மட்டுமா வாங்குகிறார்கள்? பிள்ளை கேட்டால் எந்த வீட்டிலும் வாங்கிவிடுகிறார்கள்.

சபையில் வாலிபர் கூட்டத்துக்குப் பேச வேண்டும். கிறிஸ்துமஸ் அலங்காரங்களில் கிறிஸ்து எங்கே இருக்கிறார் என்பது தலைப்பு. அதற்காக அவ்வப்போது எழுதி வைத்தவை இவை.

*

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு டிசம்பரிலும் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது: முனை வளைந்த மிட்டாய்க் கோலை ஒரு பக்தர் இயேசுவின் பெயரின் முதல் ஆங்கில எழுத்து வடிவில் செய்தாராம், சிவப்புக் கோடு அவர் சிந்திய இரத்தமாம். இதற்குச் சரித்திரச் சான்று எதுவும் இல்லை. மிட்டாயைப் பார்த்துச் சிலுவையை நினைக்க யாருக்கும் உரிமை உண்டு. ஆனால் அதற்காகவே அது செய்யப்பட்டது என்று பிரசங்க மேடையில் சொல்வது பொய்யாகிவிடும். உண்மையைப் பற்றிப் பேச வந்த இடத்தில் பொய்க்கு வேலை இல்லை. பொருளை நாமே கண்டெடுத்தோம் என்று சொல்லிவிட்டால் என்ன குறைந்துவிடும்?

*

ஸ்டாரின் கதை இதற்கு நல்ல உதாரணம். காகிதத்தில் பல முனை வைத்த கிறிஸ்துமஸ் நட்சத்திரம் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஜெர்மனியின் நீஸ்கி என்ற ஊரில், மொராவியச் சபையார் நடத்திய பள்ளியில் பிறந்தது. வடிவ கணிதம் கற்பிக்கப் பையன்களைக் கொண்டு செய்ய வைத்தார்கள். பாடத்துக்காகச் செய்தது பிறகு வீட்டு முன்றிலுக்கு வந்தது. முதலில் கை வேலை, பிறகு வழிபாடு. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. தறி வேலை தெரிந்த ஊருக்கு இது எளிதாகப் புரியும்.

*

குடிலில் மேய்ப்பர்களும் சாஸ்திரிகளும் ஒரே இரவில் தோளோடு தோள் நிற்கிறார்கள். வேதத்தில் அப்படி இல்லை. மேய்ப்பர்களைச் சொல்வது லூக்கா, சாஸ்திரிகளைச் சொல்வது மத்தேயு. சாஸ்திரிகள் போய்ச் சேர்ந்ததும் ஒரு வீட்டுக்கு (மத்தேயு 2:11). அவர்கள் மூன்று பேர் என்ற கணக்கும் அங்கே இல்லை, காணிக்கைதான் மூன்று. ஆனாலும் குடிலைப் பிரித்து வைக்க வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். இராக்காவல் காத்தவனும் தூர தேசத்துப் படிப்பாளியும் ஒரே பிள்ளையின் முன் முழங்கால் மடிப்பதை ஒரே கூரையின் கீழ் காட்ட இதைவிட நல்ல வழி இல்லை.

*

மரம். இங்கே ஊசியிலை மரத்துக்கு எங்கே போவது? பிளாஸ்டிக் மரம் வருமுன் சவுக்குக் கிளையைத்தான் வெட்டி வந்து வாளி மணலில் நட்டார்கள். இன்றும் நடுகிறவர்கள் உண்டு. சவுக்கு கடலோர மாவட்டங்களில் தோப்புத் தோப்பாக வளர்வது. பந்தல் கால், சாரக் கம்பு, அடுப்பு விறகு என்று எல்லாவற்றுக்கும் அதுதான். கல்யாணப் பந்தலுக்கும் அது, சாவுப் பந்தலுக்கும் அது. ஸ்ட்ராஸ்பர்க்கில் 1605இல் வீட்டுக்குள் மரம் வைத்து அலங்கரித்ததாகக் குறிப்பு இருக்கிறது. அந்த மரத்துக்குச் சொல்லும் பொருளையெல்லாம் சவுக்குக்கும் சொல்லலாம். நம் சவுக்குக்குக் கூடுதலாக ஒன்று உண்டு: அது ஏழைக் கூரையைத் தாங்குகிற மரம். தச்சன் வீட்டுப் பிள்ளையின் பிறப்புக்கு அதுவே பொருத்தம்.

*

கேழ்வரகை ஊறவைத்துத் தட்டில் பரப்பி, முளைத்ததும் குடிலில் புல்லாக வைக்கும் வழக்கம் எனக்கு மிகவும் பிடித்தது. கோதுமை மணி மண்ணில் விழுந்து சாகாவிட்டால் தனித்தே இருக்கும் என்று இயேசு சொன்னது (யோவான் 12:24) பிறப்பைப் பற்றி அல்ல, தம் சாவைப் பற்றி. தொட்டிலைச் சுற்றி அந்தப் பச்சை நிற்கிறது. கிறிஸ்துமஸுக்குள் பெரிய வெள்ளி ஏற்கெனவே முளைத்துவிட்டது. இந்த ஒன்றைப் பிள்ளைகளின் கையாலேயே செய்ய வைக்க வேண்டும்.

*

அட்வென்ட் மாலை: 1839, ஹாம்பர்க். யோஹான் ஹின்ரிக் விகெர்ன் என்ற போதகர், ஆதரவற்ற பிள்ளைகளுக்காக இல்லம் நடத்தியவர். கிறிஸ்துமஸ் எப்போது வரும் என்று பிள்ளைகள் கேட்டுக்கொண்டே இருந்ததால் ஒரு பழைய வண்டிச் சக்கரத்தில் மெழுகுவத்திகளை வைத்து நாளுக்கொன்றாக ஏற்றினார். காத்திருப்பதைக் கண்ணால் காணும்படி செய்துவிட்டார். இங்கே அதற்குக் குத்துவிளக்கு இருக்கிறது. உச்சியில் சிலுவை வைத்த குத்துவிளக்கு நம் ஆலயங்கள் பலவற்றில் நிற்கிறது. நாலு ஞாயிறுக்கு நாலு திரி, கிறிஸ்துமஸ் அன்று ஐந்தாவது. வண்டிச் சக்கரம் தேவையில்லை.

*

கிறிஸ்துமஸ் தாத்தா. ஆரணிக்கும் இவருக்கும் ஒரு சுற்றுவழி உறவு உண்டு. ஸ்கட்டர் சகோதரர்கள் 1853இல் தொடங்கிய ஆற்காடு மிஷனின் பழைய நிலையங்களில் ஆரணியும் ஒன்று. அந்த மிஷனை நடத்திய அமெரிக்கச் சபை 1867 வரை தன் பெயரிலேயே ‘டச்சு’ என்பதை வைத்திருந்தது. நியூயார்க்கில் குடியேறிய டச்சுக்காரர்களின் சபை அது. அவர்களுடைய சின்டர்கிளாஸ்தான் பிறகு சாண்டா கிளாஸ் ஆனார். அவருக்குப் பின்னால் 4ஆம் நூற்றாண்டில் மைரா ஊர் பிஷப்பாக இருந்த நிக்கோலாஸ் நிற்கிறார். அவர் நினைவு நாள் டிசம்பர் 6. சீதனம் கொடுக்க வழியில்லாத ஒரு தகப்பனின் மூன்று பெண்களுக்காக, இரவில் யாருக்கும் தெரியாமல் பொன் முடிப்பு எறிந்தார் என்பது மரபுக் கதை. முகமூடி போட்டு மிட்டாய் வீசும் தாத்தாவை நிறுத்தச் சொல்லவில்லை. அந்தப் பெண்களின் கதையையும் சேர்த்துச் சொல்லுங்கள். கல்யாணச் சேலை நெய்யும் ஊரில் பெண்ணைப் பெற்றவனின் கவலையை விளக்க வேண்டியதில்லை.

*

இப்போது, பேச வேண்டிய விஷயம்.

வயல்வெளியில் தேவதூதன் மேய்ப்பர்களுக்கு ஓர் அடையாளம் கொடுக்கிறான் (லூக்கா 2:12). அதில் நட்சத்திரம் இல்லை, மரம் இல்லை, மணி இல்லை. ஒரு பிள்ளை துணிகளில் சுற்றப்பட்டு முன்னணையில் கிடக்கும் என்கிறான். துணியும் முன்னணையும், அவ்வளவுதான். முன்னணையை நாம் குடிலாக்கி வைத்திருக்கிறோம். அசிசி பிரான்சிஸ் 1223இல் கிரேச்சோ ஊரில் வைக்கோலும் மாடும் கழுதையும் வைத்துக் காட்டினாரே, அன்றிலிருந்து எண்ணூறு ஆண்டாக அது விடாமல் வருகிறது. துணியை மட்டும் விட்டுவிட்டோம். அதுவும் எந்த ஊரில்? வீட்டுக்குள் தறி ஓடும் ஊரில்!

கடையில் கிடைக்கும் பாலன் பொம்மைக்குப் பெரும்பாலும் பொன் வண்ணம் பூசிய ஆடை, அல்லது அதன் மேல் மினுக்குத் துணி. நம் வீட்டில் பிறந்த பிள்ளைக்கு யாராவது அப்படிச் செய்வார்களா? பிறந்ததும் பாட்டியின் பழஞ்சேலையோ தாத்தாவின் பழைய வேட்டியோதான். துவைத்துத் துவைத்து மிருதுவான துணி. புதுத்துணி உடம்பை உறுத்தும் என்பார்கள். தூளியும் அம்மாவின் நூல் சேலையில்தான். மரியாள் சுற்றிய துணியும் வீட்டிலிருந்து கொண்டு வந்த துணியாகவே இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். பிரயாணத்தில் இருந்தவள், பிரசவத்துக்கு நாள் நெருங்கியவள். மூட்டையில் அதை எடுத்து வைக்காமல் வந்திருக்கமாட்டாள்.

துணி அங்கே முடியவில்லை. சிலுவையடியில் சேவகர்கள் அவருடைய வஸ்திரங்களைப் பங்கு போடுகிறார்கள். உள்ளங்கியை மட்டும் கிழிக்கவில்லை. அது தையல் இல்லாமல், மேலிருந்து முழுவதும் ஒரே நெசவாக இருந்தது என்று யோவான் (19:23) குறித்து வைத்திருக்கிறார். எந்த வியாக்கியானமும் இல்லாமல் ஆரணி நெசவாளருக்கு இது புரியும். அவர் நெய்வதும் தைக்காத துணி. முந்தி, உடல், பார்டர் எல்லாம் தறியிலிருந்து ஒன்றாகவே இறங்கும். அதைக் கிழிக்க எந்தக் கை துணியும்? சேவகர்களுக்கும் மனம் வரவில்லை. உடுத்தியிருந்தவரைக் கொல்ல மனம் வந்தது.

பிறகு அரிமத்தியா ஊர் யோசேப்பு மெல்லிய துணி வாங்கி அவரைச் சுற்றுகிறார். பிறந்த அன்று சுற்றியது போலவே சாவிலும் சுற்றுகிறார்கள். மூன்றாம் நாள் பேதுரு கல்லறைக்குள் நுழையும்போது காண்பதும் துணிதான்: சீலைகள் கிடக்கின்றன, தலையில் இருந்தது தனியே சுருட்டி வைக்கப்பட்டிருக்கிறது (யோவான் 20:6-7). முதல் அடையாளமும் கடைசி அடையாளமும் துணியாக இருக்கிற சரித்திரம் இது. நெசவூர் சபைக்கு இதைவிடப் பெரிய கிறிஸ்துமஸ் சின்னம் ஒன்றும் கிடையாது.

*

பட்டைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இது கடினமான குறிப்பு.

பிள்ளையைச் சுற்றியது பட்டு அல்ல. அன்றைய ரோம உலகில் பட்டு, சீனத்திலிருந்து வந்த பெரும் பணக்காரர்களின் சரக்கு. புதிய ஏற்பாட்டில் பட்டு வருவது ஒரே இடத்தில்: வெளிப்படுத்தல் 18ஆம் அதிகாரம், பாபிலோன் விழும்போது வாங்க ஆளில்லாமல் கிடக்கும் சரக்குகளின் பட்டியல். பொன்னில் தொடங்குகிறது, வெள்ளி, முத்து, மெல்லிய வஸ்திரம், பட்டு என்று நீள்கிறது. அந்தப் பட்டியல் மனுஷருடைய ஆத்துமாக்களில் முடிகிறது. துணியும் ஆளும் ஒரே பட்டியலில்.

இதை ஆரணியில் நின்று வாசிக்கும்போது கண்ணை மூடிக்கொள்ள முடியாது. உடலோடு வேறு நிறப் பார்டரைக் கோத்து நெய்யும் கோர்வைக்குத் தறியில் இரண்டு பேர் வேண்டும். அந்த இரண்டாவது ஆள் ஒரு காலத்தில் பெரும்பாலும் சிறு பிள்ளை. அப்பா வாங்கிய அட்வான்ஸைக் கழிக்கத் தறிக்குழிக்கு அருகே உட்கார்ந்த பிள்ளைகள். ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் 2003இல் வெளியிட்ட அறிக்கை காஞ்சிபுரம் தறிகளில் கொத்தடிமைகளாக இருந்த சிறுவர்களைப் பற்றி விரிவாகப் பேசுகிறது. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்ததோ 1976இல். இன்று தறியில் சிறுவர்களைக் காண்பது அரிது. வாலிபர்களைக் காண்பதும் அரிதாகிவிட்டது. கூலி கட்டுப்படியாகவில்லை என்று கம்பெனி வேலைக்குப் போகிறார்கள். கர்நாடகத்திலிருந்து பட்டு நூல் வருகிறது, சூரத்திலிருந்து ஜரிகை வருகிறது. இரண்டின் விலையும் கடைக்காரர் வாயில் நிற்கிறது. கூலி எவ்வளவு என்று வாங்குகிறவர் கேட்பதும் இல்லை, விற்கிறவர் சொல்வதும் இல்லை.

பட்டு பாவம் என்று நான் சொல்லவில்லை. ஆசரிப்புக் கூடாரத்தை நெய்தவர்களின் கைத்திறனைத் தேவன் கொடுத்த ஞானம் என்றே யாத்திராகமம் (35:35) சொல்கிறது. நெசவாளரின் கை தேவ வரம். அதனால்தான் அந்தக் கைக்குரிய கூலியைக் குறைப்பது சிறிய காரியம் அல்ல.

*

வாலிபர்களிடம் கேட்கப் போவது இதுதான். இந்த ஆண்டுக் குடிலுக்கு மினுக்குத் தாளும் பிளாஸ்டிக் பனியும் வாங்குகிற பணத்தில், நம் ஊர்க் கைத்தறிக்காரர் ஒருவரிடம் ஒரு முழம் வெறும் பருத்தித் துணி நெய்து வாங்குங்கள். ஜரிகை வேண்டாம், பார்டர் வேண்டாம். பேரம் பேசாமல் அவர் கேட்கும் கூலியைக் கிறிஸ்துமஸுக்கு முன்பே கொடுத்துவிடுங்கள். பாலனை அதில் சுற்றி முன்னணையில் வையுங்கள். ஆராதனை முடிந்ததும் நெய்தவர் பெயரைச் சபையில் வாசியுங்கள். அவர் எந்த மதத்தவராக இருந்தாலும் சரி. பண்டிகைக்குப் பட்டுச் சேலை எடுக்கும் வீடுகள், கடையில் விலை கேட்கும்போது இதை நெய்தவருக்கு எவ்வளவு போகிறது என்றும் கேளுங்கள். பதில் வரும்வரை கேளுங்கள்.