கேட்ட புத்தகம்

கள்ளக்குறிச்சியில் ஒரு கல்லூரி நூலகம். மதியச் சாப்பாடு முடிந்த நேரம். அலமாரியில் ஒரே தலைப்பில் ஏழெட்டுப் பிரதிகள் நிற்கின்றன. உள்ளே ஒட்டிய தேதிச் சீட்டில் ஒரு முத்திரைகூட விழவில்லை. பட்டியலில் யாரோ டிக் அடிக்க, மார்ச் முடிவதற்குள் நிதியைத் தீர்க்க வாங்கியவையாக இருக்கும்.

கவுன்டர் முன் வெள்ளிமலைப் பக்கத்துப் பெண். கையில் புராஜெக்ட் நோட்டு. தலைப்பு: கல்வராயன் மலை மலையாளிகள். கேரளத்தார் அல்ல, மலைவாழ் பழங்குடியினர்; அவளுடைய சனங்கள்தான்.

"தர்ஸ்டன் புத்தகம் இருக்குதுங்களா மேடம்?"

தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி எட்கர் தர்ஸ்டன் 1909-இல் ஏழு தொகுதிகளாக வெளியிட்டது. மலையாளிகள் நான்காம் தொகுதியில் வருகிறார்கள். இங்கே ஒரு தொகுதியும் இல்லை.

"செல்லுல கிடைக்குமேம்மா."

"எங்க ஊர்ல டவர் எடுக்காதுங்க மேடம்."

நூலகர் இரவல் படிவத்தை எடுக்கிறார். வெளி நூலகத்திலிருந்து வரவழைக்கத் தபால் செலவு, காத்திருப்பு. பிறகு திருப்பி அனுப்ப வேண்டும். அடுத்து ஒருத்தி கேட்டால் மறுபடி முதலிலிருந்து. அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகம் 2000-இல் இந்த அலைச்சலை நிறுத்திப் பார்த்தது. இரவல் கேட்ட நூலையே விலைக்கு வாங்கியது. பிற்பாடு கணக்கெடுத்தால், வழக்கமாகத் தேர்ந்தெடுத்தவற்றைவிட இவைதாம் அதிகம் கைமாறியிருந்தன. ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல் என்று நூலகவியலாளர் சீர்காழி ரங்கநாதன் 1931-இல் எழுதிய மண்ணுக்கு இதில் வியப்பில்லை. ஆனால் பர்டியூவில், அண்மையில் வெளியான நூலாக இருக்க வேண்டும் என்றும் ஒரு நிபந்தனை உண்டு. தர்ஸ்டன் தேறியிருக்க மாட்டார்.

பின்னால் நிற்கும் பையனுக்கு குரூப் ஃபோர் கைடு வேண்டும். பரிந்துரைப் பதிவேட்டைப் புரட்டினால் பக்கத்துக்குப் பக்கம் கைடுதான். கேட்டதையெல்லாம் வாங்கினால் நூலகம் கோச்சிங் சென்டர் ஆகிவிடும் என்பார்கள். ஆகட்டுமே, வேலை வேண்டாமா? உறுத்துவது வேறு. கேட்கத் துணிந்தவர்களின் கையெழுத்து மட்டுமே அந்தப் பதிவேட்டில் இருக்கிறது. மலையிலிருந்து வரும் பிள்ளைகளில் பலர், அலமாரியில் இல்லாதது தமக்கில்லை என்று பஸ் ஏறிவிடுகிறார்கள்.

"ஒருத்தருக்காக வாங்கினா கமிட்டியில கேள்வி வரும்மா."

அவள் யோசிக்கவே இல்லை. "எத்தன கையெழுத்து வேணுங்க மேடம்? எங்க பஸ்ஸுல வர்றவங்கள நாளைக்குக் கூட்டியாறேன்."

நூலகர் பதிவேட்டை அவள் பக்கம் தள்ளிவிட்டு, விலை பார்க்கக் கணினியைத் திறக்கிறார்.